குளோஸ்-அப் படம் சரியாக வரவில்லையா? கோளாறைப் படத்திலேயே கண்டுபிடியுங்கள்

பூவையும் பூச்சியையும் கிட்டத்தில் எடுக்கத் தொடங்குபவர்களிடம் முதல் மாதத்தில் கேட்கும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "படம் மங்கலா வருது." கூடவே, "மேக்ரோ லென்ஸ் வாங்கணுமா?" என்ற கேள்வியும் வந்துவிடும் (கிட்டப் படத்துக்கென்றே செய்த லென்ஸ் அது). கொஞ்சம் பொறுங்கள். மங்கல் என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றை மோசமாக்கும். கை ஆடியதால் மங்கிய படத்துக்கு அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, சுருக்கினால் ஷட்டர் இன்னும் மெதுவாகி மங்கல் கூடும். அதனால் பணம் செலவழிப்பதற்கு முன் படத்தைப் படிக்கப் பழகுங்கள்.

கீழே உள்ள எண்கள், நுழைவு நிலை டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் கேமராக்களில் பரவலாக இருக்கும் ஏ.பி.எஸ்-சி அளவு சென்சாரை (படம் பதியும் சில்லை) மனத்தில் வைத்தவை. அதன் அகலம் கேனனில் 22.3 மி.மீ., நிக்கான், சோனியில் 23.5 மி.மீ. அளவு. சோதனைக்குத் தோட்டத்துக்கு ஓட வேண்டாம். ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு ஸ்கேல், நாலு மிளகு போதும். மிளகு 5 மி.மீ. இருக்கும், மேலெல்லாம் சுருக்கம், காற்றில் ஆடாது, பறந்தும் போகாது. மிளகின் சுருக்கம் தெளிவாக விழாத கேமராவில் சிலந்தியின் கண் விழப்போவதில்லை.

படத்தில் எந்த இடத்திலும் கூர்மை இல்லை

கணினியில் 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நகர்த்திப் பாருங்கள். பூச்சியை மட்டும் பார்த்தால் போதாது. அது உட்கார்ந்திருக்கும் இலை, இலையின் பூனைமயிர், பின்னால் இருக்கும் தண்டு எல்லாவற்றையும் பாருங்கள். எங்காவது ஒரு நூலிழை கூர்மையாக இருந்தால் உங்கள் கோளாறு இதுவல்ல, அடுத்த பகுதிக்குப் போகலாம்.

எங்குமே கூர்மை இல்லை என்றால், மினுங்கும் ஒரு புள்ளியைத் தேடுங்கள். பனித்துளியின் பளிச்சோ, வண்டின் முதுகில் விழுந்த வெயிலோ, எதுவானாலும் சரி. அந்தப் புள்ளி வட்டமாக ஊதிப் போயிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. கோடாக இழுபட்டிருந்தால் ஏதோ ஆடியிருக்கிறது. எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது கேமரா. பூ மட்டும் இழுபட்டு, பின்னால் உள்ள வேலிக்கம்பி இழுபடாமல் நின்றால் ஆடியது செடி.

வட்டமாக ஊதியிருந்தால், நீங்கள் லென்ஸின் எல்லையைத் தாண்டிக் கிட்டே போயிருக்கிறீர்கள். கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸ்கள் பலவற்றில் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 25 செ.மீ. இந்தத் தூரத்தை லென்ஸின் முன் கண்ணாடியிலிருந்து அளக்கக் கூடாது, சென்சாரிலிருந்து அளக்க வேண்டும். கேமராவின் மேற்புறம் ஒரு வட்டத்தைக் கோடு வெட்டிச் செல்லும் குறி இருக்கும், சென்சார் இருக்கும் இடம் அதுதான். உடலும் லென்ஸும் எடுத்துக்கொண்டது போக, முன்னால் மிஞ்சுவது பத்து செ.மீ. சொச்சம். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தும்போது லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி, கடைசியில் எதையும் பிடிக்காமல் நிற்பதும் இதே கோளாறுதான். செய்ய வேண்டியது:

1. லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, வளையத்தை மிகக் கிட்டத்து எல்லை வரை திருப்புங்கள்.
2. லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) 5 மடங்கு அல்லது 10 மடங்கு பெரிதாக்குங்கள்.
3. வளையத்தை இனித் தொடாமல், உடம்போடு சேர்த்துக் கேமராவைப் பின்னுக்கு இழுத்து, மிளகின் சுருக்கம் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள்.

அந்த லென்ஸால் போக முடிந்த எல்லை அது. இன்னும் கிட்டே போக வேறு கருவி வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

கோடாக இழுபட்டிருந்தால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பொருள் தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழுவதை 1:1 என்கிறோம். அந்த உருப்பெருக்கத்தில் கை 0.1 மி.மீ. ஆடினால் சென்சாரிலும் 0.1 மி.மீ. ஆடும். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்-சி சென்சாரில் அது சுமார் 25 பிக்சல். "55 மி.மீ. லென்ஸுக்கு 1/60 நொடி போதும்" என்ற பழைய விதி இங்கே பலிக்காது. சாதாரணக் கிட்டப் படத்துக்கு 1/250 நொடியில் தொடங்குங்கள், 1:1 நெருங்கும்போது 1/500. அதற்காக ஐ.எஸ்.ஓ.வை (ஒளி உணர்திறன் எண்) 800, 1600 என்று ஏற்ற வேண்டியிருந்தால் தயங்காமல் ஏற்றுங்கள். துகள் தெரியும் படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், ஆடிய படத்தைச் செய்ய முடியாது.

லென்ஸில் ஆட்டத் தடுப்பு இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். சாதாரண ஆட்டத் தடுப்பு கேமராவின் சாய்வைத்தான் சரிசெய்யும். கிட்டத்தில் கெடுப்பது கேமரா மேலும் கீழும், இடமும் வலமும் நகர்வது. இதையும் சேர்த்துச் சரிசெய்ய 2009-இல் கேனன் 100 மி.மீ. எல் மேக்ரோ லென்ஸை ஹைப்ரிட் முறையோடு கொண்டுவந்தது. அதிலும்கூட, சாதாரணத் தூரத்தில் 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியில் இரு மடங்கு வித்தியாசம்) என்று கேனன் சொல்லும் உதவி 1:1-இல் 2 ஸ்டாப்பாகக் குறைகிறது.

ட்ரைபாடில் வைத்தும் இழுபட்டால் நடுத்தண்டை உயர்த்தியிருக்கிறீர்களா, கால் ஈர மண்ணில் இறங்குகிறதா என்று பாருங்கள். 2 நொடி டைமர் போட்டு, லைவ் வியூவில் எடுங்கள். கண்ணாடி மேலெழும் அதிர்வு அப்போது இருக்காது. பழைய லென்ஸானால் ட்ரைபாடில் ஆட்டத் தடுப்பை அணைத்துவிடுங்கள். காற்றில் ஆடும் செடிக்கு, ஒரு குச்சியை மண்ணில் ஊன்றி, துணிக் கிளிப்பால் தண்டைக் குச்சியோடு பிடித்து வைக்கலாம். காம்பை நசுக்காமல் இருக்க இடையில் ஒரு துண்டு பஞ்சு வையுங்கள்.

கூர்மை இருக்கிறது, வேண்டிய இடத்தில் இல்லை

ஈயின் முதுகு தெளிவு, கண் மங்கல். அல்லது பூச்சிக்கு முன்னால் இருக்கும் இலை நுனி தெளிவு, பூச்சி கரைந்து போயிருக்கிறது. இது பெரும்பாலும் ஆட்டோ ஃபோகஸ் பெட்டியின் கோளாறு. கேமராவைத் தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் தனக்கு மிகக் கிட்டே உள்ளதையோ, நிற மாறுபாடு அதிகம் உள்ளதையோ பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதைக் கண் வரும் இடத்துக்கு நகர்த்துங்கள். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டு, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் பழக்கத்தைக் கிட்டப் படத்தில் விட்டுவிடுங்கள். திருப்பும் நேரத்தில் ஃபோகஸ் தளம் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், இங்கே ஒரு மில்லிமீட்டர் என்பது பெரிய தூரம்.

அதைவிட நல்ல வழி, ஃபோகஸை மேனுவலில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு உடம்பை ஆட்டுவது. முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு, மிக மெதுவாக முன்னுக்குச் சாயுங்கள். கண் தெளியத் தொடங்கும் முன்பே தொடர் ஷாட்டில் நாலைந்து படம் போகட்டும். ஐந்தில் ஒன்று தேறினால் நல்ல கணக்கு. இதில் கை பழக ஒரு மாதமாவது ஆகும். மிளகை வைத்துத் தினம் பத்து நிமிடம் செய்து பாருங்கள், வேறெந்தக் கருவியும் இவ்வளவு பலன் தராது.

பனித்துளிக்குள் தலைகீழாகத் தெரியும் பூவை எடுக்கும்போது துளியின் விளிம்பு தெளிவாகவும் பூ மங்கலாகவும் வரும். கேமரா சரியாகத்தான் பிடித்திருக்கிறது. உருண்டையான நீர்த்துளி ஒரு லென்ஸ், அது காட்டும் பூவின் பிம்பம் துளிக்கு முன்னால், கேமராவின் பக்கமாக விழுகிறது. துளியின் ஆரம் 2 மி.மீ. என்றால் துளியின் முன்பரப்பிலிருந்து ஏறத்தாழ அதே 2 மி.மீ. தள்ளி. எனவே துளியில் பிடித்த ஃபோகஸிலிருந்து ஒரு நூல் அளவு பின்னுக்குச் சாய்ந்து எடுங்கள்.

கண் மட்டும் தெளிவு, மீதியெல்லாம் கரைந்துவிட்டது

இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது, கிட்டத்தின் இயல்பு இது. ஆனாலும் எவ்வளவு ஆழம் கிடைக்கும் என்று தெரிந்தால் திட்டமிடலாம். அபெர்ச்சரை எஃப் 8 வைத்தால் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்), பொருள் சென்சாரில் கால் பங்கு அளவில் விழும்போது தெளிவின் ஆழம் சுமார் 6 மி.மீ. பாதி அளவில் சுமார் 2 மி.மீ. 1:1-இல் 0.6 மி.மீ. சொச்சம்தான். எஃப் 16 வைத்தால் இவை இரட்டிக்கும்.

முதல் தீர்வுக்குச் செலவே இல்லை: கோணத்தை மாற்றுங்கள். தெளிவு என்பது சென்சாருக்கு இணையாக நிற்கும் மெல்லிய தகடு. பூச்சியின் உடல் அந்தத் தகட்டுக்குள் படுக்கும்படி நீங்கள் நகர வேண்டும். சிறகை மடித்து உட்கார்ந்த பட்டாம்பூச்சியை நேர் பக்கவாட்டில், சென்சாரும் சிறகும் இணையாக இருக்கும்படி எடுத்தால் எஃப் 8-இலேயே தலை முதல் சிறகு நுனி வரை தெளியும். அதையே முன்பக்கச் சாய்வில் எடுத்தால் எஃப் 16 வைத்தும் தெளியாது. எதிர்முகமாகப் பார்க்கும் தாவும் சிலந்தியில் முன்கண்கள் தெளிந்தால் போதும், கால்கள் கரைவது அழகுதான்.

இரண்டாவது தீர்வு, ஃபோகஸை அடுக்கடுக்காக மாற்றிப் பல படம் எடுத்து ஒன்றாக்குவது. ஸ்டேக்கிங் என்பார்கள். அசையாத பொருளுக்கு மட்டும். எஃப் 8, 1:1 என்றால் படத்துக்குப் படம் 0.4 மி.மீ. நகர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறிப் படியும். மிளகின் முன்பாதி 2.5 மி.மீ. ஆழம், அதற்கு ஏழு படம் போதும். ஒன்றாக்கிய பிறகு குறுக்கே ஒரு பட்டை மங்கலாகத் தெரிந்தால் இடையில் ஒரு படி தவறியிருக்கிறது. ஒரே கால் இரண்டாகத் தெரிந்தால் பூச்சி அசைந்திருக்கிறது. மயிரைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் மென்பொருளின் முறையை மாற்றிப் பாருங்கள். ஸெரீன் ஸ்டேக்கர் என்ற மென்பொருளில் குறுக்கும் நெடுக்குமான மயிர், உணர்கொம்புக்கு பி-மேக்ஸ் முறை ஏற்றது. வழவழப்பான பரப்பின் நிறத்தைக் காப்பாற்ற டி-மேப். ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் மாறாமல் இருக்க எல்லாவற்றையும் மேனுவலில் பூட்டுங்கள், வெள்ளைச் சமநிலை உட்பட.

எஃப் 22 வைத்தேன், ஆழம் வந்தது, ஆனால் எல்லாமே சோப்பு நுரை மாதிரி மிருதுவாக இருக்கிறது

ஒளி மிகச் சிறிய துளை வழியே போகும்போது விரிந்து பரவும், அதனால் வரும் மிருது இது. கிட்டத்தில் இது எதிர்பார்ப்பதற்கு முன்பே வந்துவிடும். காரணம், உருப்பெருக்கம் கூடக் கூட அபெர்ச்சர் நீங்கள் வைத்ததைவிடச் சிறியதுபோல நடந்துகொள்ளும். 1:1-இல் வழக்கமாக எஃப் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்: எஃப் 11 என்பது எஃப் 22 ஆகிறது, எஃப் 22 என்பது எஃப் 44. நிக்கான் கேமராக்கள் மைக்ரோ லென்ஸோடு (மேக்ரோவுக்கு நிக்கான் வைத்த பெயர்) இந்த உண்மையான எண்ணையே திரையில் காட்டும், கேனன் நீங்கள் வைத்ததைக் காட்டும். "என் லென்ஸ் எஃப் 2.8, ஆனால் கிட்டே போனால் 4.8 காட்டுகிறதே, பழுதா?" என்று நிக்கான்காரர்கள் பதறுவது இதனால்தான். பழுது இல்லை.

எஃப் 5.6, 8, 11, 16, 22 என்று ஒரே மிளகை ஐந்து முறை எடுத்து 100 விழுக்காட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் லென்ஸுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று அதில் தெரிந்துவிடும். பெரும்பாலோர் 1:1-இல் எஃப் 8 முதல் 11 வரை நிற்கிறார்கள். அதற்குமேல் ஆழம் வேண்டுமென்றால் ஸ்டேக்கிங்தான் வழி.

பூச்சி சட்டகத்தில் கடுகளவு தெரிகிறது

முதலில் உங்கள் லென்ஸின் எல்லையை அளந்துவிடுங்கள். ஸ்கேலைச் சட்டகத்தின் குறுக்கே வைத்து, முடிந்த அளவு கிட்டே போய் எடுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணி, சென்சார் அகலத்தை அதனால் வகுத்தால் உருப்பெருக்கம். 23.5 மி.மீ. சென்சாரில் ஸ்கேல் 65 மி.மீ. தெரிந்தால் 0.36. கிட் லென்ஸ்கள் 0.25 முதல் 0.38 வரை போகும். எல்லோரும் இரண்டாவதாக வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்கள் தனியாக 0.15 முதல் 0.21 வரைதான். கிட்டப் படத்துக்கு அது கிட் லென்ஸைவிடப் பின்தங்கியது என்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 8 மி.மீ. சிலந்தி 0.36-இல் சென்சார்மேல் 3 மி.மீ.கூட விழாது. 1:1-இல் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறைக்கும்.

செலவு குறைந்த வழிகள் மூன்று. எங்கள் பரிந்துரை, உங்களிடம் 55-250 அல்லது 70-300 ஜூம் இருந்தால் அதன்முன் திருகும் குளோஸ்-அப் லென்ஸ். மேலே +4 என்று இருந்தால் 1,000-ஐ 4-ஆல் வகுங்கள்: லென்ஸின் ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (எல்லையில்லாத் தூரம்) வைத்தால் 250 மி.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும். 250 மி.மீ. ஜூமில் அது 1:1, பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே கால் மீட்டர் இடம். அதே +4-ஐக் கிட் லென்ஸின் 55-இல் போட்டால், இன்ஃபினிட்டியில் 0.22 மட்டுமே. "ஃபில்டர் வாங்கினேன், வித்தியாசமே இல்லை" என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். நான்கு சேர்ந்து வரும் மலிவு செட்டில் ஓரம் கரைந்து, ஊதா விளிம்பு தெரியும், ஒற்றைக் கண்ணாடி என்பதால். எஃப் 8-க்குக் கீழே போகாதீர்கள். இரண்டை அடுக்கினால் சக்தி கூடியதை லென்ஸோடு ஒட்டி வையுங்கள். ரேநாக்ஸ் டிசிஆர்-250 போல ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடி சேர்த்துச் செய்தவற்றில் அந்த ஊதா மிகக் குறைவு. அதன் சக்தி +8, கவ்வியில் மாட்டுவது, 52 முதல் 67 மி.மீ. வரை திருகு உள்ள லென்ஸ்களில் பிடிக்கும்.

எக்ஸ்டென்ஷன் டியூப், கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் வெறும் குழாய், உள்ளே கண்ணாடி இல்லை. குழாயின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் நீளத்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் வரும். 50 மி.மீ. லென்ஸில் 12, 20, 36 மி.மீ. செட்டை முழுவதும் மாட்டினால் 68/50, அதாவது 1.36. மாட்டியதும் தூரத்துக் காட்சி எதுவும் ஃபோகஸ் ஆகாது, அது இயல்பு. கிட் லென்ஸில் 18 மி.மீ.யில் வைத்து மாட்டினால் கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகாது. தெளியும் இடம் லென்ஸின் முன் கண்ணாடிமேலேயே விழுந்திருக்கும். 55-க்கு ஜூம் செய்து, 12 மி.மீ. குழாய் மட்டும் போடுங்கள்.

ரிவர்ஸ் ரிங், லென்ஸைத் தலைகீழாக மாட்டுவது. மிக மலிவு, மிக அதிக உருப்பெருக்கம். 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 1:1. கிட் லென்ஸில் ஜூம் தலைகீழாக வேலை செய்யும்: 55-இல் குறைவு, 18-இல் மூன்று மடங்குக்கு மேல். முதல் நாளே 18-இல் தொடங்கி எதுவும் தெரியவில்லை என்று கைவிடாதீர்கள். லென்ஸின் முன்பக்கம் ஒரு வட்டத்தைக் கோடு வெட்டும் குறியோடு 52, 55, 58 என்று எழுதியிருக்கும் எண்ணுக்கே ரிங் வாங்குங்கள்.

டியூபோ ரிங்கோ மாட்டியதும் கேமரா மறுக்கிறது, அல்லது எல்லாம் இருட்டு

மின்முனை இல்லாத மலிவுக் கருவிகளில் லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ள முடியாது. அதனால் வரும் கோளாறு கேமராவுக்குக் கேமரா வேறு.

நிக்கான் டி3500, டி5600 போன்றவை மற்ற முறைகளில் எடுக்க மறுக்கும், எம் (மேனுவல்) முறைக்கு மாறுங்கள். ஒளி அளவியும் வேலை செய்யாது, படத்தைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். நிக்கான் ஜி வகை லென்ஸ் கழற்றிய நிலையில் முழுக்கச் சுருங்கி நிற்கும், வியூஃபைண்டர் இருண்டிருப்பது அதனால்தான். லென்ஸின் பின்புறம் இருக்கும் சிறு நெம்புகோலைத் தள்ளினால் துளை விரியும். விசிட்டிங் கார்டில் ஒரு துண்டு வெட்டி அடைகொடுத்துப் பாதி விரிந்த நிலையில் நிறுத்தலாம்.

கேனன் இ.எஃப். லென்ஸ் இதற்கு நேரெதிர், முழுக்க விரிந்தே நிற்கும். படத்தில் ஆழமே இருக்காது. லென்ஸைச் சாதாரணமாக மாட்டி, ஏ.வி. முறையில் (அபெர்ச்சரை நீங்களே வைக்கும் முறை) எஃப் 8 வைத்து, ஆழம் பார்க்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் துளை எஃப் 8-இலேயே உறைந்திருக்கும். பிறகு தலைகீழாக மாட்டுங்கள். மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை அனுமதிக்கும் ஓர் அமைப்பு மெனுவில் இருக்கும், அதை இயக்குங்கள்.

ஃபிளாஷ் கோளாறுகள்

கிட்டப் படத்தில் நல்ல வெளிச்சம் நல்ல லென்ஸைவிட முக்கியம். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் மேனுவல் சக்தி உள்ள ஒரு ஃபிளாஷும் அதை லென்ஸ் பக்கம் கொண்டுவரும் ஒரு வயரும் வாங்குங்கள், மேக்ரோ லென்ஸ் காத்திருக்கலாம். தொடங்க: எம் முறை, 1/200 நொடி, எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 200, ஃபிளாஷ் சக்தி 1/16. இருட்டாக இருந்தால் 1/8.

படத்தின் கீழ்ப்பகுதியில் அரைவட்டமாக இருட்டு விழுந்தால் அது லென்ஸின் நிழல். கேமராவோடு வரும் ஃபிளாஷ் தாழ்வாக இருப்பதால் லென்ஸ் குறுக்கே நிற்கிறது. வண்டின் முதுகில் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைத் திட்டு விழுந்தால் ஒளிமூலம் சின்னது. இரண்டுக்கும் ஒரே மருந்து: ஒரு ஏ4 அளவு பட்டர் பேப்பரை வளைத்து ஃபிளாஷின் முன்னிருந்து லென்ஸ் நுனிக்குக் கூரைபோல இறக்குங்கள். பூச்சிக்கு எவ்வளவு கிட்டே, எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு மென்மை. இரண்டு தாளை ஒரு விரல்கடை இடைவெளி விட்டு வைத்தால் இன்னும் நல்லது. டிஃப்யூசரை, அதாவது ஒளியைப் பரப்பும் இந்தத் தாளை, பூச்சியிலிருந்து ஓரடி தள்ளி வைத்துவிட்டு "மென்மை வரவில்லை" என்று அளவைப் பெரிதாக்குபவர்கள் உண்டு, தேவை அளவல்ல, நெருக்கம்.

பூச்சி நன்றாக வந்து பின்னணி மட்டும் கரிக்கட்டையாக இருந்தால், ஃபிளாஷ் ஒளி பின்னால் போய்ச் சேரவில்லை. தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்காகிறது. 10 செ.மீ.யில் பூச்சி, 1 மீட்டரில் செடி என்றால் செடிக்குக் கிடைப்பது நூறில் ஒரு பங்கு. பின்னால் 5 முதல் 10 செ.மீ.யில் ஒரு காய்ந்த இலையைப் பிடியுங்கள், அல்லது ஐ.எஸ்.ஓ. 800, 1/60 என்று இயற்கை வெளிச்சத்தை உள்ளே விடுங்கள். இந்த இரண்டாவது வழியில் புதிய கோளாறு ஒன்று வரும்: தெளிவான பூச்சியை ஒட்டி ஆவிபோல இன்னொரு விளிம்பு. ஃபிளாஷ் உறையவைத்த படத்தோடு, ஷட்டர் திறந்திருந்த மீதி நேரத்து ஆட்டமும் பதிந்திருக்கிறது. ஃபிளாஷை அணைத்து அதே அமைப்பில் ஒன்று எடுத்துப் பாருங்கள். முழு இருட்டாக வந்தால் ஆவி வராது. பாதி வெளிச்சமாக வந்தால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள்.

ஃபிளாஷ் எரியவே இல்லையென்றால் சத்தமில்லா முறை, அதாவது மின்னணு ஷட்டர், இயங்குகிறதா என்று பாருங்கள். பல கேமராக்களில் அதில் ஃபிளாஷ் அடிக்காது. படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர், ஃபிளாஷோடு ஒத்துப்போகும் எல்லை வேகத்தைத் தாண்டிவிட்டது, 1/200-க்கு இறங்குங்கள். எல்.இ.டி. விளக்கில் படம் கோடுகோடாக வந்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/50 அல்லது 1/100 வையுங்கள்.

மல்லிகை சாம்பல் நிறம், செம்பருத்தி சிவப்புக் குழம்பு

சட்டகம் முழுக்க வெள்ளைப் பூ இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். கறுத்த வண்டுக்கு −0.7 குறையுங்கள். செம்பருத்தியின் கோளாறு வேறு. மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இதழின் நரம்பெல்லாம் அழிந்திருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது சுவரில் முட்டாத வரை குறையுங்கள், −0.7 அல்லது −1 தேவைப்படும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்திருந்தால் மீட்க இடம் உண்டு.

படம் முழுக்கப் புகை, அல்லது ஒரே இடத்தில் தினமும் ஒரு கறை

ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸில் ஈரம் படியும், படம் பால்போல் வெளுக்கும். துடைத்தால் மறுபடி படியும். கேமராவைப் பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வையுங்கள்.

எஃப் 16-இல் தெரிந்து எஃப் 4-இல் மறையும் கறுப்புப் புள்ளி சென்சார் தூசி. டியூப், ரிங் என்று வெளியில் அடிக்கடி கழற்றி மாட்டுவதால் வருவது. வெள்ளைச் சுவரை, ஃபோகஸ் இல்லாமல், எஃப் 16-இல் எடுத்தால் எங்கே இருக்கிறதென்று தெரியும். ரப்பர் ஊதியால் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், அழுத்தக் காற்று டப்பாவும் வேண்டாம்.

போனில் கிட்டே போனால் மங்கல்

பெரிய சென்சார் உள்ள போன்களின் முதன்மைக் கேமரா 10 முதல் 20 செ.மீ.க்குக் கிட்டே ஃபோகஸ் செய்யாது. பின்னால் நகர்ந்து 2 மடங்கு ஜூமில் எடுங்கள், இதுதான் நல்ல வழி. 2021-இல் வந்த ஐபோன் 13 புரோ 2 செ.மீ. வரை கிட்டே போகும், ஆனால் அப்போது அது அதி அகலக்கோணக் (அல்ட்ரா-வைட்) கேமராவுக்குத் தாவிவிடுகிறது. திரை தாவித் தாவிக் குலுங்குவதும், போனின் நிழல் பூமேல் விழுவதும் அதனால்தான். தானாக மாறும் மேக்ரோவை அமைப்பில் அணைத்துவிட்டு, வேண்டும்போது நீங்களே இயக்குங்கள். கிளிப் லென்ஸ் மாட்டியும் மாற்றம் இல்லையென்றால் வேறு கேமராமேல் மாட்டியிருக்கிறீர்கள். கேமராக்களை விரலால் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள், திரை இருண்டால் அதுதான் இயங்குவது.

பூச்சி நிற்பதே இல்லை

வெயில் ஏறிய பிறகு போகிறீர்கள் என்று அர்த்தம். விடிந்த முதல் ஒரு மணி நேரம் உடல் சூடேறாததால் தும்பியும் பட்டாம்பூச்சியும் தண்டைப் பற்றியபடி இருக்கும், காற்றும் குறைவு. உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கத்திலிருந்து, தாழ்ந்து, நேர்கோட்டில் மெதுவாகப் போங்கள். பக்கவாட்டு அசைவுதான் அதிகம் மிரட்டும். சிலர் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். உயிருக்கு ஆபத்து, படத்திலும் கால் மடங்கிய செத்த தோற்றம் வந்துவிடும்.

பழக நல்லது கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. நாளெல்லாம் அங்கேயே இருக்கும். எறும்பை ஓட ஓடத் துரத்தினால் ஒரு படமும் தேறாது. எருக்கஞ்செடியின் இளந்தண்டில் மஞ்சள் அசுவினிக் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் இனிப்புக் கசிவைக் குடிக்க எறும்பு வந்து ஒரே இடத்தில் நிற்கும். தண்டைக் குச்சியோடு கட்டி, அசுவினிமேல் ஃபோகஸை நிறுத்தி, டிஃப்யூசரை இறக்கிவிட்டுக் காத்திருங்கள்.